நார்மன் லியர் ஒரே நேரத்தில் ஏழு தொடர் எழுதினாரா?

கேள்வி: மார்ச் 2, மாலை 6.10

1970களில் அமெரிக்க டிவியில் நார்மன் லியர் என்ற ஒரே ஆள் ஒரே சமயத்தில் ஏழு காமெடித் தொடர் எழுதினாராம். வாரத்துக்கு ஒரு எபிசோட் என்றால் ஏழு ஸ்கிரிப்ட். மனுஷனால் ஆகிற காரியமா? பெயர் போடாமல் எழுதிக் கொடுக்க ஆள் வைத்திருந்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

மார்ச் 2, இரவு 9.40

ஆகாது. அவர் எழுதவும் இல்லை. ஆனால் எதையும் மறைத்துச் செய்யவில்லை. எழுதினவர் பெயர் ஒவ்வொரு எபிசோடின் டைட்டில் கார்டிலும் இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்கத் தொடர்களில் மூன்று விதமான கார்டு பார்க்கலாம். 'ரிட்டன் பை' என்றால் அந்த ஒரு எபிசோடை எழுதியவர். 'கிரியேட்டட் பை' என்றால் தொடரின் கருவையும் பாத்திரங்களையும் முதலில் உண்டாக்கியவர். 'டெவலப்டு பை' என்றால் இன்னொருவர் கொண்டுவந்த கருவையோ வேறு நாட்டுத் தொடரையோ வாரா வாரம் ஓடுகிற வடிவத்துக்குக் கொண்டுவந்தவர். லியர் பெயர் பெரும்பாலும் மூன்றாவது கார்டில்தான் வரும்.

'ஆல் இன் தி ஃபேமிலி'யின் மூலம் ஜானி ஸ்பைட் பிபிசிக்கு எழுதிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' ரே கால்டன், ஆலன் சிம்ப்சன் இருவரின் பிரிட்டிஷ் தொடரிலிருந்து வந்தது. 'குட் டைம்ஸ்' எரிக் மான்டியும் மைக் எவன்ஸும் உருவாக்கியது. 'தி ஜெஃபர்சன்ஸ்' டான் நிக்கல், மைக்கேல் ராஸ், பெர்னி வெஸ்ட் மூவருடையது. 'ஒன் டே அட் எ டைம்' விட்னி பிளேக், ஆலன் மானிங்ஸ். இந்தப் பட்டியலில் 'மாட்' ஒன்றுக்குத்தான் 'கிரியேட்டட் பை நார்மன் லியர்' என்று வரும்.

ஆள் சும்மா பெயர் போட்டுக்கொண்டார் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட வேண்டாம். 1974–75 சீசனின் நீல்சன் பட்டியலில் (எந்தத் தொடருக்கு எத்தனை பேர் பார்வையாளர் என்ற கணக்கு) முதல் பத்தில் ஐந்து இவர் கம்பெனித் தொடர்கள்: 1, 2, 4, 7, 9. ஐந்துக்கும் ஐந்து வேறு எழுத்துக் குழு. எந்தக் குழுவிடம் எந்தக் கதையைக் கொடுப்பது, வந்த ஸ்கிரிப்டில் எதைக் கிழித்துப் போடுவது, சேனல்காரர் வெட்டச் சொன்னால் எந்த வரிக்கு உயிரைக் கொடுத்து நிற்பது, இதுதான் அவர் வேலை. அதைத்தான் தயாரிப்பாளர் வேலை என்கிறோம்.

மார்ச் 3, காலை 7.15

ஒரு சின்னத் திருத்தம். ஐந்திலும் லியரே உட்கார்ந்து வேலை பார்த்தார் என்ற தொனி மேலே வந்துவிட்டது. 'சான்ஃபோர்ட்' பக்கம் கூட்டாளி பட் யார்கின் பொறுப்பு. அன்றாடத் தயாரிப்பை ஆரம்ப சீசன்களில் நடத்தியவர் ஏரன் ரூபன். லியரும் யார்கினும் சேர்ந்து வைத்திருந்த கம்பெனிதான் டேண்டம். இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிளுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.

மார்ச் 3, இரவு 10.05

'தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர்தானே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சினிமாவில் அப்படி. அமெரிக்க டிவியில் தயாரிப்பாளர் என்ற சொல் பெரும்பாலும் எழுத்தாளரின் பதவி உயர்வைக் குறிக்கும். இன்றைய ஏணி இது: ஸ்டாஃப் ரைட்டர், ஸ்டோரி எடிட்டர், எக்ஸிக்யூட்டிவ் ஸ்டோரி எடிட்டர், கோ-புரொட்யூசர், புரொட்யூசர், சூப்பர்வைசிங் புரொட்யூசர், கோ-எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர், எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர். ஏற ஏறச் சொந்தமாக எழுதுகிற பக்கம் குறையும், மற்றவர் பக்கத்தைத் திருத்துகிற நேரம் கூடும். உச்சியில் இருப்பவரை ஷோரன்னர் என்பார்கள். லியர் காலத்தில் இத்தனை படி கிடையாது, அந்தச் சொல்லும் புழக்கத்தில் இல்லை. வேலை மட்டும் இதேதான்.

பார்வையாளர் முன்னால் பல கேமரா வைத்து எடுக்கும் சிட்காமுக்கு, அதாவது அரைமணிக் காமெடித் தொடருக்கு, ஒரு வாரம் எப்படிப் போகும் என்றால்:

முதல் நாள் மேஜை வாசிப்பு. நடிகர்கள் சுற்றி உட்கார்ந்து ஸ்கிரிப்டை உரக்கப் படிப்பார்கள். எழுத்தாளர்கள் கையில் பென்சில், சிரிப்பு வந்த இடத்தில் ஒரு கோடு, வராத இடத்தில் வட்டம். படித்து முடித்ததும் நடிகர்கள் ஒத்திகைக்குப் போக, எழுத்துக் குழு அறைக்குள் போகும். வெளியே வர நள்ளிரவு தாண்டலாம். மறுநாள் காலை புதுப் பக்கங்கள் வேறு நிறத் தாளில் வரும், பழசோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. இரண்டாம், மூன்றாம் நாள் மேடை ஒத்திகை. சாயங்காலம் முழுசாக ஒரு ஓட்டம். தயாரிப்பாளர், சேனல் ஆள் இருவரும் அப்போது நின்று பார்ப்பார்கள். மறுபடி அறை, மறுபடி புதுப் பக்கம். நான்காம் நாள் கேமராவுக்கு இடம் குறிப்பது. ஐந்தாம் நாள் பார்வையாளர்.

'ஆல் இன் தி ஃபேமிலி'யில் ஒரே நாளில் இரண்டு தடவை பார்வையாளர் முன் நடித்துப் பதிவு செய்தார்கள், மாலையில் ஒன்று, இரவில் ஒன்று. இடையில் சாப்பாட்டு நேரம்தான் கடைசித் திருத்த நேரம். முதல் கூட்டத்தில் சிரிப்பு வராமல் விழுந்த ஜோக்கை இரண்டாவது கூட்டத்துக்கு மாற்றிவிடலாம். பிறகு இரண்டு பதிவிலும் நன்றாக வந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே எபிசோடாக எடிட் செய்வார்கள்.

பக்கக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை ஸ்கிரிப்டில் வசனத்தை இரட்டை இடைவெளி விட்டு அடிப்பார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய அரை நிமிடம் ஓடும். அரைமணித் தொடருக்கு விளம்பரம் போக 1970களில் 25 நிமிடம் சொச்சம் கிடைத்தது, ஆக 50 பக்கத்தை ஒட்டி வரும். சிரிப்புக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். ஒத்திகையில் 25 நிமிடம் ஓடுகிற ஸ்கிரிப்ட் பார்வையாளர் முன் 28 ஆகிவிடும். அப்புறம் எடிட்டிங்கில் மூன்று நிமிடத்தைத் தேடித் தேடிப் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போது முதலில் போவது கதையைத் தாங்குகிற சாதுவான வரிகள். ஜோக் மிஞ்சும், காரணம் போய்விடும். அதனால் நீளத்தை ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்றாம் நாளே பார்க்க வேண்டும்.

மார்ச் 4, பிற்பகல் 1.20

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. எழுத்து அறையில் அடிக்கடி நடக்கிற தப்பு, நல்ல ஜோக்கைத் தூக்கி எறிவது. மேஜை வாசிப்பில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்த வரி நான்காம் நாள் யாருக்கும் சிரிப்பு மூட்டாது. லைட் பாய் முதல் கேமராமேன் வரை இருபது தடவை கேட்டாயிற்றே. அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து வரியை மாற்றினால், அரைவேக்காட்டு வரி ஒன்று பார்வையாளர் முன்னால் போய் நிற்கும். முதல் நாள் கோட்டுக் குறி போட்ட தாளைப் பத்திரமாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஜோக் நிஜமாகவே விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதற்கு முந்தின வரி. பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். ஜோக்குக்கு வேண்டிய தகவல் கூட்டத்தின் காதில் விழவில்லை, அல்லது அப்போது யாரோ கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள், கண் அங்கே போய்விட்டது. அது சரியாக இருந்தால், சிரிக்க வைக்கும் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு சொல் இருந்தால் சிரிப்பு அந்தச் சொற்களை விழுங்கும், அல்லது அந்தச் சொற்கள் சிரிப்பை விழுங்கும். மூன்றாவதாக, எதிர் நடிகர் சிரிப்பு அடங்கும் முன் பேசிவிடுகிறாரா. இது எழுத்தின் தப்பு இல்லை, டைரக்டரிடம் சொன்னால் போதும்.

மார்ச் 6, இரவு 8.50

'பைலட்', அதாவது சேனலுக்குக் காட்ட எடுக்கும் மாதிரி எபிசோட், பற்றிக் கேட்டவருக்கு.

'ஆல் இன் தி ஃபேமிலி' மூன்று தடவை எடுக்கப்பட்டது. 1968இல் ஏபிசி சேனலுக்கு 'ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' என்ற பெயரில். 1969இல் அதே சேனலுக்கு 'தோஸ் வேர் தி டேஸ்' என்ற பெயரில். இரண்டையும் ஏபிசி வேண்டாம் என்றது. பிறகு சிபிஎஸ் வாங்கியது. முதல் ஒளிபரப்பு 1971 ஜனவரி 12. மூன்று தடவையும் ஸ்கிரிப்ட் கிட்டத்தட்ட ஒன்றே. மற்ற இனத்தார் மேல் தப்பெண்ணம் கொண்ட குடும்பத் தலைவர் ஆர்ச்சியாக கேரல் ஓ'கானர், அவர் மனைவி ஈடித்தாக ஜீன் ஸ்டேபிள்டன், இவர்களும் மாறவில்லை. மாறியது மகளும் மருமகனும். மூன்றாவது சுற்றில் சாலி ஸ்ட்ரதர்ஸும் ராப் ரைனரும் வந்தார்கள்.

பைலட் ஏற்கப்படாவிட்டால் நம் கை உடனே ஸ்கிரிப்டை நோக்கிப் போகும். லியர் ஸ்கிரிப்டைத் தொடவில்லை. இந்த வீட்டில் மாமனாரும் மருமகனும் மோத வேண்டும், மருமகன் சரிக்குச் சரி நிற்கவில்லை என்றால் கிழவன் வசவு மட்டும்தான் மிஞ்சும். ரைனர் வந்ததும் எதிர்த்துக் கத்த ஆள் கிடைத்தது. இரண்டு பழைய பைலட்டும் இன்று பார்க்கக் கிடைக்கின்றன. மூன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். நடிகர் தேர்வு பற்றி இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிபிஎஸ் ஏன் வாங்கியது? அதன் தலைவர் ராபர்ட் வுட்டுக்கு நகரத்து இளம் பார்வையாளர்கள் வேண்டியிருந்தது. அதே 1971இல் 'தி பெவர்லி ஹில்பில்லீஸ்', 'கிரீன் ஏக்கர்ஸ்' போன்ற கிராமத்து மணம் வீசும் தொடர்களை அந்தச் சேனல் ஒட்டுமொத்தமாக நிறுத்தியது. நல்ல ஸ்கிரிப்ட் இரண்டு வருடம் பெட்டியில் கிடந்து, கதவு திறந்த நாளில் தயாராக இருந்தது.

முதல் சீசன் 13 எபிசோட்தான். ஆரம்பத்தில் கூட்டமே இல்லை. கோடையில் மறு ஒளிபரப்பு போட்டபோதுதான் ஊர் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஐந்து சீசன் தொடர்ந்து முதலிடம்.

மார்ச் 7, காலை 6.30

ஆர்ச்சி எங்கிருந்து வந்தான் என்று கேட்டால், கரு பிபிசியுடையது, ரத்தம் லியர் வீட்டுடையது. அவர் அப்பா ஹெர்மன் வீட்டில் தனக்கென்று ஒரு நாற்காலி வைத்திருந்தவர், மனைவியை வாயை மூடச் சொல்லி அதட்டுகிறவர். லியருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போலிப் பத்திரம் விற்ற வழக்கில் சிறைக்குப் போனவர். ஆர்ச்சி ஈடித்தை அடக்கும் 'ஸ்டைஃபில்' (வாயை மூடு) என்ற ஒற்றைச் சொல் அப்பாவுடையதுதான் என்று லியரே சொல்லியிருக்கிறார். ஆர்ச்சியின் நாற்காலியும் ஈடித்தின் நாற்காலியும் 1978 முதல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

மார்ச் 9, இரவு 11.15

ஒரு தொடரிலிருந்து இன்னொன்றைக் கிளப்புவது எப்படி என்று நீளமாகவே எழுதலாம், இதில் அத்தனை நுட்பம் இருக்கிறது.

ஈடித்தின் சித்தி பெண்ணோ பெரியம்மா பெண்ணோ, ஏதோ ஒரு முறையில் சொந்தமான மாட் என்ற பெண்மணி 1971 டிசம்பரில் ஒரு எபிசோடுக்கு வந்து ஆர்ச்சியோடு மல்லுக்கு நின்றார். நடித்தவர் பீ ஆர்தர். 1972 செப்டம்பரில் அவருக்குத் தனித் தொடர். அந்தத் தொடரில் வீட்டு வேலை செய்த ஃப்ளோரிடாவுக்கு (எஸ்தர் ரோல்) 1974 பிப்ரவரியில் 'குட் டைம்ஸ்'. ஆர்ச்சியின் பக்கத்து வீட்டு ஜெஃபர்சன் குடும்பத்துக்கு 1975 ஜனவரியில் தனித் தொடர். பாட்டி, மகள், பேத்தி மாதிரி.

இதில் முதல் விதி, புதிய தொடருக்கு ஒத்துவராத பழைய விவரத்தைக் கூச்சமில்லாமல் உதறுவது. 'மாட்' தொடரில் ஃப்ளோரிடா நியூயார்க் பக்கம் இருந்தாள், கணவன் பெயர் ஹென்றி. 'குட் டைம்ஸ்' வந்ததும் குடும்பம் சிகாகோ அரசுக் குடியிருப்பில், கணவன் பெயர் ஜேம்ஸ். மாட் என்ற பெயரையே யாரும் எடுப்பதில்லை. விளக்கம் சொல்ல ஒரு வசனம் போட்டிருந்தால் அந்த வசனம் மட்டும்தான் உறுத்தியிருக்கும்.

இரண்டாவது, வேண்டிய நடிகருக்காக இடத்தைக் காலியாக வைத்திருப்பது. ஜார்ஜ் ஜெஃபர்சனாக ஷெர்மன் ஹெம்ஸ்லிதான் வேண்டும் என்று லியர் தீர்மானித்துவிட்டார். அவரோ பிராட்வேயில் 'பர்லி' இசை நாடகத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். என்ன செய்தார்கள்? ஜார்ஜுக்கு ஹென்றி என்று ஒரு தம்பியை எழுதினார்கள், மெல் ஸ்டூவர்ட் நடித்தார். ஆர்ச்சி வீட்டு வாசலை மிதிக்க ஜார்ஜுக்கு மனமில்லை என்று சொல்லிவைத்தார்கள். 1973இல் ஹெம்ஸ்லி வந்தபோது, இரண்டு வருடமாகப் பெயர் மட்டும் கேட்ட ஆள் கடைசியில் தலைகாட்டினான் என்ற பரபரப்பு இலவசமாகக் கிடைத்தது. நடிகர் இல்லாத குறையைப் பாத்திரத்தின் குணமாக்கினார்கள். அந்தத் தொடர் 11 சீசன், 253 எபிசோட் ஓடியது.

மார்ச் 10, காலை 9.00

மேலே எழுதியதில் 'சித்தி பெண்ணோ பெரியம்மா பெண்ணோ' என்று இழுத்திருந்தேன். ஆங்கிலத்தில் 'கசின்' என்று ஒரே சொல்தான். தொடர் அதற்கு மேல் நோண்டுவதில்லை.

மார்ச் 13, இரவு 9.30

தணிக்கை. அங்கே அரசுத் தணிக்கைக் குழு கிடையாது. ஒவ்வொரு சேனலிலும் நெறிமுறைத் துறை என்று ஒன்று இருக்கும், ஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்துக் குறிப்பு அனுப்பும். எல்லாக் குறிப்போடும் சண்டை போட்டால் ஒரு தொடரும் நடத்த முடியாது. பத்தில் எட்டை விட்டுக்கொடுத்து, கதையின் முதுகெலும்பாக இருக்கிற இரண்டுக்கு நிற்பது தொழில்.

முதல் எபிசோடிலேயே வந்தது சோதனை. ஞாயிறு காலை, பெற்றோர் தேவாலயத்திலிருந்து சீக்கிரம் திரும்பிவிடுகிறார்கள், இளம் தம்பதி மாடியில் தனியாக இருந்திருக்கிறார்கள். அதைச் சுட்டும் ஆர்ச்சியின் ஒரு வரியை சிபிஎஸ் எடுக்கச் சொன்னது. எடுத்தால் நான் இல்லை என்றார் லியர். வரி அப்படியே போயிற்று. அந்த ஒரு வரி அத்தனை பெரிதா என்றால், இல்லை. முதல் வாரம் சின்ன வரியை விட்டால் இருபதாவது வாரம் கதையையே விட வேண்டிவரும் என்பது கணக்கு. சேனல் தன் பங்குக்கு ஒளிபரப்புக்கு முன்னால் ஒரு அறிவிப்பு போட்டது. நம் பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் சிரிப்பின் வெளிச்சத்தில் காட்டுவதே நோக்கம் என்ற பொருளில்.

1972 நவம்பரில் 'மாட்' தொடரில் இரண்டு பகுதியாக வந்த கருக்கலைப்புக் கதை இன்னும் பெரிது. நாற்பத்தேழு வயதில் மாட் கர்ப்பமாகிறாள், கலைத்துவிட முடிவு செய்கிறாள். ஸ்கிரிப்ட் சூசன் ஹாரிஸ். பின்னாளில் 'சோப்', 'தி கோல்டன் கேர்ள்ஸ்' இரண்டையும் உருவாக்கியவர் அவர்தான். கருக்கலைப்பை நாடு முழுவதும் அனுமதித்த உச்ச நீதிமன்றத்தின் ரோ தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பு இது. ஆனால் கதை நடக்கும் நியூயார்க் மாநிலத்தில் 1970 முதலே சட்டம் அனுமதித்தது. அந்த விவரம் இல்லாமல் இந்தக் கதையைச் சேனலில் நுழைத்திருக்கவே முடியாது. சேனல் தருவதை உள்ளூரில் ஒளிபரப்பும் நிலையங்களில், இல்லினாய் மாநிலத்தில் இரண்டு போட மறுத்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மறு ஒளிபரப்பின்போது எதிர்ப்பு இன்னும் அதிகம், விளம்பரதாரர்களும் பல நிலையங்களும் விலகிக்கொண்டார்கள்.

1975இல் மூன்று பெரிய சேனலும் சேர்ந்து இரவின் முதல் ஒரு மணி நேரத்தை, பிள்ளைகளோடு பார்க்கத் தகுந்ததை மட்டும் போடும் 'குடும்ப நேரம்' ஆக்கின. சனிக்கிழமை 8 மணிக்கு இருந்த 'ஆல் இன் தி ஃபேமிலி' திங்கள் 9 மணிக்குத் தள்ளப்பட்டது. எழுத்தாளர் சங்கமும் லியரும் வழக்குப் போட்டார்கள். 1976 நவம்பரில் நீதிபதி வாரன் ஃபெர்குசன், இது பேச்சுரிமைக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார்.

மார்ச் 14, காலை 8.10

வழக்கைப் பாதியில் விட்டுவிட்டேன். 1979இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. விஷயம் முதலில் ஒளிபரப்பு ஆணையத்திடம் போயிருக்க வேண்டும் என்றது. அதற்குள் குடும்ப நேரம் நடைமுறையில் இல்லாமல் போயிருந்தது. 'லியர் ஜெயித்தார்' என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மார்ச் 18, இரவு 10.40

'குட் டைம்ஸ்' பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இதில் மனசு இரண்டாகப் பிரிகிறது.

அப்பா, அம்மா, மூன்று பிள்ளை கொண்ட கறுப்பினக் குடும்பம் ஒன்று அமெரிக்க டிவியில் இப்படி வந்ததே பெரிய விஷயம். எரிக் மான்டி அந்த சிகாகோ குடியிருப்பு வாழ்க்கையைத் தெரிந்தே எழுதினார், அங்குள்ள காப்ரினி-கிரீன் குடியிருப்பில் வளர்ந்தவர். அப்பா வேடத்தில் ஜான் ஏமஸ். மூத்த பிள்ளை ஜே.ஜே.யாக ஜிம்மி வாக்கர். வாக்கர் ஒரு எபிசோடில் 'டைனமைட்' என்று நீட்டி முழக்கியதும் டைரக்டர் ஜான் ரிச், இதை ஒவ்வொரு எபிசோடிலும் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். லியருக்கும் வாக்கருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் கூட்டம் அந்தச் சொல்லுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தது.

முத்திரை வசனம் எப்படித் தொடரைத் தின்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல் வந்ததும் கைதட்டல் நிச்சயம். நிச்சயமான கைதட்டல் இருக்கிற இடத்தை நோக்கி எழுத்தாளர் கை தானாகப் போகும். ஜே.ஜே.க்கு நிமிடம் கூடும். யாருக்கு நிமிடம் குறையும்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும். குடும்பக் கதை கோமாளிக் கதை ஆகும். ஏமஸும் எஸ்தர் ரோலும் இதை எதிர்த்துச் சத்தமாகவே பேசினார்கள். மூன்றாவது சீசனுக்குப் பின் ஏமஸ் நீக்கப்பட்டார். 1976இல் அப்பா விபத்தில் இறந்ததாகக் கதை போயிற்று. அடுத்து ரோலும் விலகினார், கடைசி சீசனுக்குத் திரும்பினார். 1979இல் தொடர் முடிந்தது.

எந்த அப்பா இருப்பதால் இந்தத் தொடர் முக்கியம் என்று நினைத்தார்களோ அந்த அப்பாவையே கதையிலிருந்து எடுத்தார்கள். லியரின் தொழில் வாழ்க்கையில் எனக்கு ஆறாத இடம் இதுதான். அறையில் கத்துகிற நடிகரைச் சமாளிப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏமஸ் கத்தியது சரியான விஷயத்துக்கு.

மார்ச் 19, மாலை 5.45

'ஆர்ச்சியைப் பார்த்துத் திருந்தியவர் உண்டா' என்று கேட்டவருக்கு: நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்ட ஆய்வு உண்டு. தப்பெண்ணம் கூடுதலாக உள்ள பார்வையாளர்கள் ஆர்ச்சியைக் கேலியின் இலக்காகப் பார்க்காமல் தங்கள் ஆளாகவே பார்த்தார்கள் என்று கண்டார்கள். எழுத்துக் குழு வாதத்தில் ஆர்ச்சியைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தும் இந்த நிலை. ஓ'கானர் அவ்வளவு அன்பாக நடித்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அன்பில்லாமல் நடித்திருந்தால் தொடர் 13 எபிசோடைத் தாண்டியிருக்காது என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மார்ச் 23, இரவு 9.00

பணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் காலத் தயாரிப்பாளர் தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது.

ஒரு எபிசோடுக்குச் சேனல் தருகிற உரிமைத் தொகை பெரும்பாலும் செலவைவிடக் குறைவு. வாரா வாரம் நஷ்டம். அதை ஈடுகட்டுவது மறு ஒளிபரப்பு. தொடர் ஏறக்குறைய 100 எபிசோடைத் தொட்டால் ஊர் ஊராக உள்ள நிலையங்கள் அதை வாங்கி வாரத்தில் ஐந்து நாளும் போடும். அந்த வருமானம் யாருக்கு? 1970இல் ஒளிபரப்பு ஆணையம் கொண்டுவந்த விதி, சேனல்கள் அந்த மறுவிற்பனை வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்றது. ஆகவே உரிமை தயாரிப்பாளரிடம் தங்கியது. 1993இல் அந்த விதி தளர்ந்தது. அதன்பின் சொந்தக் கம்பெனி நடத்தும் லியர் மாதிரி ஆட்கள் வருவது அரிதாகிவிட்டது.

இவர் 1974இல் ஜெர்ரி பெரன்சியோவோடு டி.ஏ.டி. கம்யூனிகேஷன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1982இல் இருவரும் ஆவ்கோ எம்பஸி பிக்சர்ஸை 25 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். 1985இல் எம்பஸி, டேண்டம் எல்லாம் சேர்த்து கோகோ கோலாவுக்கு 485 மில்லியன் டாலருக்கு விற்றார்கள். குளிர்பானக் கம்பெனிக்கு ஏன் என்று கேட்பீர்கள். கொலம்பியா பிக்சர்ஸ் அப்போது அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் விலை கொடுத்தது பழைய டேப்புகளுக்கு.

சேனலே இல்லாமல் விற்ற கதையும் உண்டு. 'மேரி ஹார்ட்மன், மேரி ஹார்ட்மன்' தொடரைப் பெரிய சேனல்கள் மறுத்தன. லியர் தனி நிலையங்களின் அதிகாரிகளை அழைத்து நேரடியாக விற்றார். 1976 ஜனவரியில் தொடங்கி வாரத்துக்கு ஐந்து எபிசோட், மொத்தம் 325. முக்கிய நடிகை லூயிஸ் லாசர் சோர்ந்துபோய் விலகினார். மேலே சொன்ன ஐந்து நாள் வேலையை ஒரே நாளில் செய்தால் ஆள் தாங்காது.

மார்ச் 24, காலை 7.50

'இப்படிப்பட்டவர் எப்படி உள்ளே நுழைந்தார்?' சுருக்கமாக. 1922இல் கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் பிறப்பு. எமர்சன் கல்லூரியைப் பாதியில் விட்டுப் போருக்குப் போனார், பி-17 குண்டுவீச்சு விமானத்தில் 52 பயணம். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ். உறவினர் கணவர் எட் சிம்மன்ஸோடு பகலில் வீடு வீடாகப் பொருள் விற்று, இரவில் எழுதினார். பத்திரிகை நிருபர் என்று சொல்லி ஏஜென்ட் அலுவலகத்தில் காமெடி நடிகர் டேனி தாமஸின் எண்ணை வாங்கி, அவருக்கு ஒரு நகைச்சுவைப் பகுதியை விற்றதுதான் திருப்பம். 1950இல் டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் காமெடி ஜோடிக்கு எழுதப் போனார்கள். 'ஆல் இன் தி ஃபேமிலி' வந்தபோது அவருக்கு 48 வயது. இருபது வருடம் மற்றவர் வாய்க்கு வசனம் எழுதிய பிறகு.

மார்ச் 24, காலை 8.05

குழுவிடம் அவர் வைத்த பழக்கம் ஒன்றைச் சேர்க்க மறந்தேன். தினமும் செய்தித்தாள் படித்துவிட்டு வர வேண்டும், சொந்த வீட்டில் மனைவியோடும் பிள்ளையோடும் என்ன சண்டை என்று அறையில் பேச வேண்டும். கதை அங்கிருந்துதான் பிறக்கும். பழைய சிட்காமின் தேய்ந்த சூழ்நிலைகளிலிருந்து இவர்கள் தப்பித்தது அப்படித்தான். அதேசமயம் பழையவர்களை ஒதுக்கவும் இல்லை. பாப் ஷில்லர், பாப் வைஸ்காஃப் இருவரும் 1950களின் சிட்காம் 'ஐ லவ் லூசி'க்கு எழுதியவர்கள், இங்கே வந்தும் எழுதினார்கள்.

மார்ச் 29, இரவு 10.20

தோல்விகளைக் கேட்டிருக்கிறார்கள். நிறைய. 'ஹாட் எல் பால்டிமோர்' 1975இல் 13 எபிசோட். 'ஏ.கே.ஏ. பாப்லோ' 1984இல் ஆறு. 'சண்டே டின்னர்' 1991இல் ஆறு. 1980களுக்குப் பின் அவர் கை ஓங்கவே இல்லை. 1978லேயே அன்றாட வேலையிலிருந்து விலகியிருந்தார். வாரா வாரம் அறையில் உட்காராமல் சிட்காம் நடத்த முடியாது என்பதைத்தான் இந்தப் பட்டியல் எனக்குச் சொல்கிறது.

ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். 1994இல் வந்த '704 ஹவுசர்'. குயின்ஸ் பகுதியில் ஆர்ச்சி வாழ்ந்த வீட்டின் விலாசம்தான் தலைப்பு. அந்த வீட்டை இப்போது ஒரு கறுப்பினக் குடும்பம் வாங்கியிருக்கிறது. ஆறு எபிசோட்தான் எடுத்தார்கள்.

மார்ச் 30, காலை 6.40

அப்பாவாக யார் நடித்தது என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். ஜான் ஏமஸ். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு, அதே லியரின் இன்னொரு தொடரில், மறுபடி அப்பாவாக.